மொத சம்பளம் வர்ற வரைக்கும் பொண்டாட்டிய ஊர்லயே விட்டுட்டுப் போகோணுமா?

கேள்வி: எனக்கு ஊரு பெருந்துறை பக்கம்ங்க. வைகாசில சென்னிமலைல வெச்சு கல்யாணம் ஆச்சு. எங்கூட்டுக்காரருக்கு சொந்த ஊரு காரைக்கால், அவங்க குடும்பமே பிரெஞ்சு நேஷனாலிட்டி, அவருகிட்ட இருக்கறது பிரான்ஸ் பாஸ்போர்ட்டு. நான் இந்தியன் பாஸ்போர்ட். இப்ப அவருக்கு ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கெடச்சு சீக்கிரமே ஜாயின் பண்ணோணும். ஒரு ஏஜென்ட்கிட்ட விசாரிச்சா, அவரு போயி 3 மாச பே ஸ்லிப் வந்தப்புறந்தான் மனைவிக்கு அப்ளை பண்ண முடியும், நீங்க ஜெர்மன் பாஷைல ஏ1ங்கற ஆரம்ப நிலைப் பரிட்சை பாஸ் பண்ணோணும், ப்ளாக்டு அக்கவுண்ட்ல (நெனச்சப்ப மொத்தமா எடுக்க முடியாத பேங்க் கணக்கு) 11,904 யூரோ போட்டு வெக்கோணும், ஃபைல் போடறதுக்கு தனியா ஃபீஸ் அப்படீங்கறாரு. மாமியாரும் அவன் போயி செட்டில் ஆகட்டும், பொறவு நீ போலாம்ங்கறாங்க. கையில கோயில் ரசீது மட்டுந்தான் இருக்குது, ரெஜிஸ்டர் இன்னும் பண்ணல. என்னங்க பண்றது?
– பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: அம்மிணி, அந்த ஏஜென்ட் சொன்ன மூணு கண்டிஷன்ல ஒண்ணுகூட உங்களுக்குப் பொருந்தாது. அவரு பொய் சொல்றாருன்னுகூட சொல்ல மாட்டேன், தெனமும் வர்ற பத்து பேருக்கு போடற ஃபைலத்தான் உங்களுக்கும் போடப் பாக்கறாரு. அந்த 11,904 யூரோங்கறது ஜெர்மனிக்குப் படிக்கப் போற பசங்க வருச செலவுக்குக் காட்ட வேண்டிய பணம், வேலைக்குப் போறவரோட சம்சாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

உங்க கேஸ் தனி. உங்கூட்டுக்காரர் பிரெஞ்சுக் குடிமகன், போறது ஜெர்மனிக்கு, அதாவது ஒரு ஐரோப்பிய யூனியன் நாட்டுக்காரர் தன்னோட நாடு இல்லாத இன்னொரு யூனியன் நாட்டுக்கு வேலைக்குப் போறாரு. இதுக்குன்னே 2004-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2004/38 டைரக்டிவ்னு சொல்லுவாங்க. அவரு எங்க போயி வேலை செஞ்சாலும் கட்டுன சம்சாரம் எந்த நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும் கூடப் போயி இருக்கலாம், வேலைக்கும் போலாம்னு அதுல இருக்குது. ஜெர்மனிக்காரங்க பாத்து மனசு வெச்சுக் குடுக்கற அனுமதி இல்லீங்க இது, உங்களுக்கு இருக்கற உரிமை. ஆபீஸ்ல போயி நிக்கறப்ப இந்த நெனப்போட நில்லுங்க, பேச்சே வேற மாதிரி வரும்.

ஏ1 விசயத்துல ஒரு வேடிக்கை இருக்குது கேளுங்க. ஜெர்மன்காரரையே கட்டிக்கிட்டு ஜெர்மனிக்குப் போற நம்மூர்ப் பொண்ணு பொதுவா ஏ1 பாஸ் பண்ணித்தான் போகோணும், ஆனா பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கிட்டு அதே ஜெர்மனிக்குப் போற உங்களுக்கு அந்தப் பரிட்சையே கிடையாது. அவங்க சொந்தக் குடிமக்களுக்கு அவங்க உள்நாட்டுச் சட்டம், வெளிய இருந்து வர்ற யூனியன்காரங்களுக்கு யூனியன் சட்டம், அதனால வர்ற கூத்து இது. இதே கணக்கு திருப்பியும் அடிக்கும், நாளைக்கு உங்கூட்டுக்காரருக்கு நேரா பிரான்ஸ்லயே வேலை கெடச்சிருந்தா இந்த டைரக்டிவ் உங்களுக்கு உதவாது, பிரான்ஸோட சட்டப்படிதான் போயிருக்கோணும். அதுக்காக பாஷை கத்துக்க வேண்டாம்னு சொல்லல, அங்க போனா கடைல பால் வாங்கறதுக்கே வேணும், விசாவுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இப்ப பே ஸ்லிப்புக்கு வரேன், உங்க கேள்வில முக்கியமானதே இதுதான். முதல் 3 மாசம் யூனியன்காரங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் எந்தக் கண்டிஷனும் இல்ல, பாஸ்போர்ட் இருந்தாப் போதும் (உங்களுக்கு நுழையறதுக்கு விசா வேணும்). 3 மாசத்துக்கு மேல இருக்கோணும்னா அவரு அங்க வேலைக்காரரா இருக்கோணும், அதுக்கு ஆதாரமா சட்டம் கேக்கறது கம்பெனி குடுக்கற வேலைல சேத்துக்கிட்டோம்ங்கற கடுதாசி, இல்லீன்னா வேலை செய்யறாருங்கற சர்டிபிகேட். சம்பளம் இத்தனை இருக்கோணும், இத்தனை மாசம் வாங்கியிருக்கோணும்னு வேலைக்காரங்களுக்கு எங்கயும் எழுதல. போதுமான வருமானம் காட்டு, இன்சூரன்ஸ் காட்டுன்னு கேக்கறதெல்லாம் வேலை இல்லாம சும்மா இருக்கறவங்களுக்கும் படிக்கறவங்களுக்கும்தான். இது இன்னிக்கு நேத்து வந்ததும் இல்லீங்க, 1982-லயே ஐரோப்பிய நீதிமன்றத்துல லெவின்னு ஒரு வழக்கு நடந்துச்சு. அந்தம்மா பிரிட்டிஷ் குடிமகள், ஊட்டுக்காரர் ஐரோப்பா அல்லாத நாட்டுக்காரர், நெதர்லாந்துல போயி பார்ட் டைமா வேலை செஞ்சாங்க, சம்பளம் குடும்பம் நடத்தறதுக்கு பத்தாதுன்னு சொல்லி அங்கத்த அதிகாரிங்க அனுமதி தர மாட்டேன்னுட்டாங்க. கோர்ட்டு சொன்னது என்னன்னா, பேருக்கு பண்ற வேலையா இல்லாம நெசமாவே பண்ற வேலையா இருந்தா பார்ட் டைமும் வேலைதான், சம்பளம் கம்மின்னு உரிமையப் புடுங்க முடியாது. பார்ட் டைம் வேலைக்கே அப்படீன்னா உங்கூட்டுக்காரரோட ஃபுல் டைம் அப்பாயின்ட்மென்ட்டுக்கு பே ஸ்லிப் வரட்டும்னு எதுக்குக் காத்திருக்கோணும், சொல்லுங்க?

அதனால மாமியார்கிட்ட பக்குவமா சொல்லிப் பாருங்க. செட்டில் ஆகறதுன்னா என்னங்க, வீடு புடிக்கறது, கேஸ் அடுப்பா கரண்ட் அடுப்பான்னு பாக்கறது, எதுக்கால கடை எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறது, இதெல்லாம் ரெண்டு பேரா போயி பண்ணறதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது. கூடவே போனாலும் சரி, பின்னால போயி சேந்தாலும் சரி, சட்டத்துல ரெண்டுக்கும் எடம் இருக்குது.

விசாவுக்கு ஜெர்மன் தூதரகத்துல யூனியன் குடிமகனோட குடும்பத்தினர்னு தெளிவா சொல்லி அப்ளை பண்ணுங்க. அந்த விசாவுக்கு கட்டணம் கிடையாது, முன்னுரிமை குடுத்து வெசையா முடிக்கோணும்னும் சட்டத்துல இருக்குது. வைக்க வேண்டியது உங்க பாஸ்போர்ட், அவரோட பாஸ்போர்ட் காப்பி, கல்யாண சர்டிபிகேட், அவரு ஜெர்மனில வேலைல சேரப் போறாருங்கறதுக்கு கம்பெனி காண்ட்ராக்ட். ஃபார்ம்ல மத்த ஆளுககிட்ட கேக்கற பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங் எல்லாம் பாத்து பதறாதீங்க.

அங்க போனதும் மொத வேலை, குடி போன 2 வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல முகவரி பதிவு, அன்மெல்டுங்னு சொல்லுவாங்க. இதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட ஒரு சீட்டு வேணும், வாடகை அக்ரிமெண்ட் மட்டும் பத்தாது, நெறைய பேரு மாட்டிக்கறது இங்கதான். ரெண்டு பேர் பேரும் அந்தச் சீட்டுல இருக்கட்டும். அப்புறம் வெளிநாட்டவர் ஆபீஸ்ல 3 மாசத்துக்குள்ள உங்க ரெசிடன்ஸ் கார்டுக்குக் குடுங்க. பேப்பர் குடுத்த உடனே குடுத்தாச்சுங்கறதுக்கு ஒரு சான்று தரோணும், 6 மாசத்துக்குள்ள கார்டு தரோணும், பொதுவா 5 வருசத்துக்கு இருக்கும். அந்த ஊர்க்காரங்க அவங்க அடையாள அட்டைக்கு எவ்வளவு கட்டறாங்களோ அதுக்கு மேல உங்ககிட்ட வாங்கக் கூடாது. கார்டு வர்ற வரைக்கும் வேலைக்குப் போகக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, கார்டு உங்க உரிமைக்கு ஒரு அத்தாச்சி, உரிமையே அதுல இருந்து வரல. ஆனா நெசத்துல பல முதலாளிங்க கைல எதாச்சும் ஒரு பேப்பர் இல்லாம சேத்துக்க மாட்டாங்க, அதனால அந்தச் சான்ற பத்திரமா வெச்சுக்குங்க. நீங்க வேலைக்குப் போகாம இருந்தா அவரோட அரசு சார்ந்த ஹெல்த் இன்சூரன்ஸ்லயே உங்களையும் சேத்துக்கலாம், தனியா பிரீமியம் இல்ல.

இத்தனையும் சொன்னாலும் உங்க கேஸ்ல மாட்டப் போறது ஜெர்மனியும் இல்ல, பே ஸ்லிப்பும் இல்ல, அந்தக் கோயில் ரசீதுதாங்க. அது சர்டிபிகேட் ஆகாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள சார் பதிவாளர் ஆபீஸ்ல பதியோணும், அதுக்கு மேலயும் 60 நாள் தாமதக் கட்டணத்தோட பதியலாம், அந்தக் கெடு தாண்டிருந்தா ரெண்டு பேரும் இந்துவா இருக்கற பட்சத்துல இந்து திருமணச் சட்டப்படி பதியற வழியும் இருக்குது. இந்த வாரமே போயிருங்க.

அடுத்தது ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டாங்க, நல்லா கேட்டுக்குங்க. பிரெஞ்சுக் குடிமக்கள் வெளிநாட்டுல கல்யாணம் பண்ணா அத பிரெஞ்சுப் பதிவேட்டுல ஏத்தலாம், பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்ல குடுத்தா அது நடக்கும், குடும்பப் புஸ்தகமும் தருவாங்க. (கல்யாணத்துக்கு முன்னாடியே கான்சுலேட்ல தடையில்லாச் சான்று வாங்கியிருந்தா வேலை சுலுவா முடியும், வாங்கலீன்னா ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேள்வி கேக்கறதும் உண்டு, காலமும் ஆகும்.) ஏறிருச்சுன்னா உங்க கல்யாணத்துக்கு பிரெஞ்சு அரசாங்கமே ஒரு சர்டிபிகேட் குடுக்கும், பல பாஷைல அச்சடிச்ச படிவத்துலயே வாங்கலாம். யூனியன் நாடுகளுக்குள்ள ஒரு நாடு குடுத்த பிறப்பு, கல்யாண சர்டிபிகேட்டுக்கு இன்னொரு நாடு அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டுக் காகிதம் நெசந்தான்னு வெளிநாட்டுக்குக் காட்டறதுக்குப் போடறது) கேக்கக் கூடாதுன்னு 2019 பிப்ரவரில இருந்து விதி அமல்ல இருக்குது. நம்மூர் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு போயி மொழிபெயர்ப்பு, முத்திரை, சரிபார்ப்புன்னு அலையறத விட பிரெஞ்சு சர்டிபிகேட்ட நீட்டறது எவ்வளவோ மேல். இந்தியா 2005-ல அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்தப்ப ஆட்சேபம் சொன்ன நாடுகள்ல ஜெர்மனியும் ஒண்ணு, அதனால அப்போஸ்டில் போட்டுத் தரேன் எல்லாம் சரியாயிரும்னு ஒருத்தர் காசு கேட்டா கொஞ்சம் யோசிச்சுக் குடுங்க. பாண்டிச்சேரி வேலை முடிய நாளாகும்னா அதுக்காக பயணத்த நிறுத்தாதீங்க, நம்மூர் சர்டிபிகேட்ட வெச்சு விசாவுக்குப் போடுங்க, பிரெஞ்சுக் காகிதம் கார்டு வாங்கறப்ப உதவும்.

கேக்காத ரெண்டு விசயமும் சொல்லிர்றேன். ஜெர்மனில ப்ரொபேஷன் 6 மாசம் வரைக்கும் இருக்கும், அதுல 2 வார நோட்டீஸ்ல வேலைய விட்டு நிறுத்தலாம். அப்படி அவரா விடாம வேலை போச்சுன்னா வேலைவாய்ப்பு ஆபீஸ்ல உடனே பதிஞ்சிரோணும், ஒரு வருசம் முடியாம போயிருந்தாலும் கொறஞ்சது 6 மாசம் வேலைக்காரர்ங்கற அந்தஸ்து இருக்கும், உங்களுக்கும் அதோட சேந்தே இருக்கும். இன்னொண்ணு, 5 வருசம் தொடர்ந்து இருந்தா நிரந்தர உரிமை வரும், நடுவுல வருசத்துக்கு 6 மாசம் வரைக்கும் வெளிய இருக்கலாம், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரோணும்னா ஒரு தடவை 12 மாசம் வரைக்கும் தொடர்ச்சியா இருந்துட்டுப் போனாலும் கணக்கு அறுபடாது, சட்டத்துலயே பிரசவம்னு எழுதி வெச்சிருக்காங்க.

---

கேள்வி: கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனில டிசைன் இன்ஜினியரா இருக்கேன். ஜெர்மனில வேலை கெடச்சு ப்ளூ கார்டுல (படிச்ச வெளிநாட்டு வேலைக்காரங்களுக்குத் தர்ற அனுமதி) போறேன். நானும் சம்சாரமும் இந்தியன் பாஸ்போர்ட்தான். அவங்களை கூடவே கூட்டிட்டுப் போலாமா? எங்க கல்யாண சர்டிபிகேட்ல என் பேரு இனிஷியலோட இருக்குது, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம்ல இருக்குது. அவங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலமே காலி. பிரச்சனை வருமா?
– வாசகர், பீளமேடு

பதில்: தம்பி, மேல பெருந்துறை பொண்ணுக்கு சொன்னத படிச்சுட்டு விசா ஓசின்னு நெனச்சுக்காதீங்க, உங்களுக்கு அந்தச் சட்டம் இல்ல, ஜெர்மனியோட சொந்தச் சட்டம். ஆனா ப்ளூ கார்டுக்காரங்களுக்கு அதுவே தாராளமாத்தான் இருக்குது. சம்சாரத்துக்கு ஏ1 வேண்டாம், போனதும் எந்த வேலைக்கும் போலாம், நீங்க அப்ளை பண்றப்பவே அவங்களுக்கும் சேத்துப் போடலாம், பே ஸ்லிப்புக்குக் காத்திருக்க வேண்டியது இல்ல, காண்ட்ராக்ட் போதும். நேஷனல் விசா ஃபீஸ் ஆளுக்கு 75 யூரோ. உங்க காண்ட்ராக்ட்ல வருசச் சம்பளத்த மட்டும் ஒரு தடவை பாத்துக்குங்க, 2025-ல பொதுவான வரம்பு 48,300 யூரோ, ஆள் பத்தாக்கொறை இருக்கற தொழில்களுக்கு கம்மி, இன்ஜினியருங்க அதுல வருவாங்க. வருசா வருசம் ஏத்துவாங்க, அதனால நீங்க போற வருசத்துக் கணக்கப் பாருங்க.

பேரு விசயந்தான் உங்க நெசமான தலைவலி. நம்மளுக்கு கே. முருகேசன்னா யாருன்னு ஊருக்கே தெரியும். ஆனா அந்த ஆபீசருக்கு சர்டிபிகேட்ல கே. முருகேசன் ஒருத்தர், பாஸ்போர்ட்ல முருகேசன் கந்தசாமி இன்னொருத்தர், சம்சாரம் கவிதாங்கறவங்களுக்கு சர்நேமே இல்ல, இதுல யாரு யாருக்குக் கல்யாணம்ங்கற மாதிரி பாப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சர்நேம் இருக்கோணும்னு எந்தச் சட்டமும் கேக்கல, ஊர்ல சில பேரு அதுக்காக பாஸ்போர்ட்டயே மாத்தறாங்க, தேவையே இல்லாத செலவு. வேண்டியது ஒண்ணுதான், ஒவ்வொருத்தர் பேரும் எல்லா காகிதத்துலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கோணும்.

நோட்டரிகிட்ட போயி ரெண்டு விதமா எழுதியிருக்கற பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஒரு அஃபிடவிட் வாங்கிக்கலாம்னு எல்லாருஞ் சொல்லுவாங்க. என்னோட அபிப்ராயம், அது இருக்கட்டும் ஆனா அத மட்டும் நம்பிப் போகாதீங்க. சார் பதிவாளர் ஆபீஸ்ல பாஸ்போர்ட் காப்பிய வெச்சு கல்யாண சர்டிபிகேட்ல இனிஷியல விரிச்சு எழுதித் திருத்தித் தரச் சொல்லி மனு குடுங்க. ரெண்டு நடை ஆகும், ஆகட்டும், அந்தத் திருத்தம் ஆயுசுக்கும் உதவும், நாளைக்கு அங்க ஒரு கொழந்த பொறந்து பிறப்புச் சான்று வாங்கறப்பவும் இதே பேரத்தான் நோண்டுவாங்க. சம்சாரத்தோட பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கறது பத்தி, இன்னும் நேரம் இருந்தா கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ்ல ரீஇஷ்யூ போட்டு அவங்க அப்பா பேரையோ உங்க பேரையோ சர்நேமா ஏத்திரலாம், எதுவா இருந்தாலும் விசாவுக்கு முன்னாடியே முடிக்கோணும், விசா ஒட்டுனதுக்கப்புறம் பேர மாத்துனா புதுசா ஒரு ரோதனை.

---

கேள்வி: எங்க மாப்பிள்ளை பிரிட்டிஷ் சிட்டிசன். நெதர்லாந்துல வேலை வந்திருக்குது. எங்க பொண்ணுக்கும் அந்த ஐரோப்பிய கார்டு கெடைக்குமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கெடைக்காதுங்கக்கா. பிரிட்டன் 2020 ஜனவரி 31-லயே யூனியன விட்டு வெளிய வந்துருச்சு, இடைக்காலமும் அந்த வருச டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது. இப்ப மாப்பிள்ளையே நெதர்லாந்துக்கு நம்மாளுக மாதிரி அனுமதி வாங்கித்தான் போகோணும், அவரோட பர்மிட்ட ஒட்டித்தான் பொண்ணுக்கும். அவரை எடுக்கற கம்பெனியே ரெண்டு பேருக்கும் சேத்து அப்ளை பண்ணுமான்னு காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. மாப்பிள்ளையோட அப்பா அம்மாவோ தாத்தாவோ ஐரிஷ்காரங்களா இருந்தா மட்டும் சொல்லுங்க, அயர்லாந்து பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கலாம், அது கெடச்சா கதையே வேற.

---

கேள்வி: மகளும் மருமகனும் ஸ்பெயின்ல இருக்காங்க, மருமகன் போர்ச்சுகல் பாஸ்போர்ட். எங்களையும் டிப்பெண்டன்ட்டா கூட்டிக்கலாம்னு மருமகன் சொல்றாரு. எனக்கு பொள்ளாச்சி பக்கம் 8 ஏக்கரா தென்னந்தோப்பு இருக்குது, இத விட்டுட்டு அங்க போயி இருக்கறதுக்கு முடியுமான்னு ரோசனையா இருக்குது. சட்டம் என்ன சொல்லுது?
– வாசகர், ஆனைமலை

பதில்: மருமகன் சொல்றது பாதி சரிங்க. அதே 2004 சட்டத்துல, குடிமகனோட அப்பா அம்மா மட்டும் இல்ல, அவரு சம்சாரத்தோட அப்பா அம்மாவும் குடும்பந்தான். மாமனார் மாமியாருக்கும் எடம் வெச்சிருக்காங்க, பல நாட்டுச் சட்டத்துல இது இல்ல. ஆனா அவங்கள நம்பி இருக்கறவங்களா இருக்கோணும்னு ஒரு வார்த்தை போட்டிருக்காங்க, 2007-ல ஜியான்னு ஒரு வழக்குல கோர்ட்டு அதுக்கு அர்த்தமும் சொல்லிருச்சு, ஊர்ல இருக்கறப்பவே உங்க அடிப்படைச் செலவுக்கு மகள் மருமகன் அனுப்பற பணம் இல்லாம முடியாதுங்கற நெலமை இருக்கோணும், நாங்க பாத்துக்கறோம்னு எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது.

இப்ப நீங்களே சொல்லுங்க, 8 ஏக்கரா தோப்புக்கு பட்டா உங்க பேர்ல இருக்குது, தேங்கா போடற பணம் பேங்க்ல வருது, அப்புறம் எந்த ஆபீசர்கிட்ட போயி நான் மருமகனை நம்பித்தான் சாப்பிடறேன்னு சொல்லுவீங்க. இதுக்காக தோப்ப பையன் பேருக்கோ தம்பி பேருக்கோ எழுதி வெச்சுட்டு போலாம்னு யாராச்சும் ரோசனை சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க. போயி பாத்துட்டு வரோணும்னா யூனியன் குடும்பம்னு இல்லாமயே சாதாரண ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து செல்லற சுற்றுலா விசா) 90 யூரோவுல கெடைக்கும், 180 நாளைக்கு 90 நாள் இருக்கலாம். வெட்டு முடிஞ்சு அடுத்த வெட்டுக்குள்ள போயிட்டு வந்துரலாமுங்க, மழைக்காலமா பாத்துப் போங்க, தண்ணி கட்டற சோலியும் மிச்சம்.